முத்துக்குமாருவின் வாழைத்தோட்டம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றுவரை ஒரு நாவலும் எழுதப்படவில்லை. அச்சடித்தவை இருக்கின்றன, வெளியிட்டவை இருக்கின்றன, பொன்னாடை போர்த்தியவை ஏராளம். நாவல் என்று ஒன்று மட்டும் இல்லை. முதலாவதைப் பிரவீணன்தான் எழுதப்போகிறான். நெல்லியடிச் சந்திக்குப் பக்கத்திலிருந்த அச்சகத்தின் கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வானொலியில் காலநிலை வாசிப்பவர் மழை சொல்வதுபோல அவன் இதைச் சொன்னான். சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

"எத்தினை பக்கம் முடிச்சிட்டாய்?" என்று கேட்டாள் தனுஷா, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பக்கம் எண்டுறது கடைசியிலை வாற விசயம்."

"அப்ப முதல்லை என்ன வரும்?"

"பார்வை."

உண்மையில் முதலில் வந்தவை வேறு. நாவலுக்குத் தலைப்பு வந்திருந்தது. அட்டைப்படம் முடிவாகியிருந்தது: கறுப்புக் கடலுக்கு மேலே ஒரு வெள்ளைக் காகம். பின்னட்டைக்கென்று தாடியோடு ஒரு படமும் தாடி இல்லாமல் ஒரு படமும் எடுத்து வைத்திருந்தான். வெளியீட்டு விழாவில் ஆற்றவேண்டிய ஏற்புரையை எழுதி, கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்து, குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடும் போட்டிருந்தான். முதல் வசனம் மட்டும் வரவில்லை. இரண்டு வருடமாக வரவில்லை. பெரிய வசனங்கள் அப்படித்தான், நேரமெடுக்கும் என்று அவன் யாரும் கேட்காமலே எல்லோருக்கும் விளக்கினான்.

நாவல் வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக, எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு முகநூலில் ஒரு பக்கம் நடத்தினான். 'எழுதாதீர்கள், எழுத்து உங்களை எழுதட்டும்' என்று ஒரு நாள் போட்டான். 'காயப்படுங்கள், பிறகு பார்க்கலாம்' என்று இன்னொரு நாள். கிளிநொச்சியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பிள்ளைகள் இதயம் போட்டார்கள். சிலர் காயப்படுவது எப்படி என்று உட்பெட்டியில் விசாரித்தார்கள்.

தனுஷாவும் அவனும் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம், ஒரே பாடம். பட்டம் எடுத்துக்கொண்டு அவன் அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தான். அவள் மாமாவின் அச்சகத்துக்கு வந்துவிட்டாள். வந்தவள் கல்வெட்டு எழுதத் தொடங்கினாள். கல் வெட்டுகிற வேலை இல்லை. ஆள் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் சிறு புத்தகத்துக்கு இங்கே அதுதான் பெயர். முன்னுக்கு இறந்தவரின் படம், உள்ளே பதிகங்கள், பிறகு வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு மனைவி மக்கள் பேரில் புலம்பல் பாட்டு. தனுஷா செத்தவீட்டுக்கே போய் இருந்து, கேட்டு, எழுதுவாள்.

"உன்ரை கதாநாயகர் எல்லாரும் முதல் பக்கத்திலேயே செத்துப்போறாங்கள்," என்றான் பிரவீணன். "பிணத்துக்குப் பவுடர் பூசுற வேலை. எழுத்தாளன் ஒருத்தன் பசியிலை கிடந்தாலும் உந்த வேலையைத் தொடக்கூடாது."

"என்ரை புத்தகத்தை ஊரே வாசிக்குது. உன்ரையை நீயே இன்னும் வாசிக்கேல்லை," என்றாள் தனுஷா. பிறகு, கோபத்தை விழுங்கிக்கொண்டு, நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்து இறந்த தியாகலிங்கம் என்பவருக்குத் தான் எழுதிய கல்வெட்டை அவனுடைய போனுக்கு அனுப்பினாள். "வாசிச்சுப்போட்டு எங்கை அலுக்குது எண்டு சொல்லு."

அவன் திறந்து பார்க்காமலே கட்டைவிரல் ஒன்று அனுப்பினான்.

பங்குனி பிறந்து சில நாளில் பருத்தித்துறையில் அவனுடைய பெரியப்பா முத்துக்குமாரு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்த மனிதர். செத்தவீட்டில் கல்வெட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் பிரவீணனின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கடை குடும்பத்திலை ஒரு எழுத்தாளர் இருக்கேக்கை வெளியாக்களிட்டைக் குடுக்கிறதே?"

பெரியம்மா மீனாம்பிகை அழுத கண்ணோடு அவனைப் பார்த்தார். "எழுது ராசா. உன்ரை பெரியப்பாவை உனக்குத் தெரியும்தானே."

'தெரியும்' என்று தலையாட்டினான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பெரியப்பாவுக்குக் குரல் பெரிது என்பதுதான். நாளைக்கு எழுதலாம் என்று விட்டான். அடுத்த கிழமை எழுதலாம் என்று விட்டான். இடையில் 'எழுத்தாளனை அவசரப்படுத்தாதீர்கள்' என்று பக்கத்தில் ஒன்று போட்டான். கடைசியில் ஒரு காலை அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது: மத்தியானத்துக்குள் தராவிட்டால் அடிக்க முடியாது. தனுஷா உறவுக் கல்யாணத்துக்கு வவுனியா போயிருந்தாள். அவள் எப்போதோ அனுப்பிய கோப்பு போனில் கிடந்தது. தியாகலிங்கம் வந்த இடமெல்லாம் முத்துக்குமாரு என்று ஒரே அமுக்கில் மாற்றினான். பிறந்த ஊரையும் தேதியையும் மாற்றினான். வாழ்க்கை வரலாற்றில் மனைவி, பிள்ளைகளின் பெயரை மாற்றினான். பின்னாலிருந்த புலம்பல் பாட்டுகளை அவன் பார்க்கவே இல்லை. அவற்றை வாசிப்பது தன் தரத்துக்குக் குறைவு என்று நினைத்தான்.

அந்தியேட்டியன்று பந்தலில் பாயாசம் வந்துகொண்டிருந்த நேரம், ஏரம்பு கண்ணாடியைப் போட்டார். ஏரம்பு முத்துக்குமாருவோடு ஒரே வள்ளத்தில் போனவர். எது கையில் கிடைத்தாலும் உரத்து வாசிக்கிற பழக்கம் உள்ளவர்.

"அன்னார் கிழமையில் நான்கு நாள் நீர்வேலித் தோட்டத்திலேயே தங்கிவிடுவார். ஒவ்வொரு வாழையையும் தொட்டுப் பார்த்து, அதனோடு நாலு வார்த்தை கதைத்த பின்புதான் படுப்பார்." ஏரம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார். "எடேய், உவன் எப்பவடா வாழை வைச்சவன்?"

பக்கத்திலிருந்தவர் பின்பக்கங்களைப் புரட்டினார். மனைவி புலம்பல் அங்கே இருந்தது.

வாழைக்கு நீர்பாய்ச்ச வாருமென்றேன் வாராமல்
கமலாவதி தனித்துக் கண்ணீர் பாய்ச்சுகிறாள்

"கமலாவதி ஆர்?"

பாயாச வாளியோடு வந்தவன் நின்றுவிட்டான். பந்தல் முழுக்கக் கடதாசி புரளும் சத்தம் கேட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகம் கொடுத்த அந்த நிமிடமே இத்தனை பேரால் ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டதைப் பிரவீணன் அதற்கு முன் கண்டதில்லை.

உள்ளே இருந்து பெரியம்மா வந்தார். வெள்ளைச் சேலை, கையில் புத்தகம், ஒரு விரல் அந்தப் பக்கத்தில் செருகியபடி.

"பிரவீணன். இஞ்சை வா."

போனான்.

"இந்தக் கமலாவதி ஆரடா?"

"அது... அச்சுப்பிழை, பெரியம்மா."

"அச்சுப்பிழையோ? அச்சுப்பிழைக்குக் கண்ணீர் வருமோ? உவள் எல்லே இஞ்சை இருந்து தண்ணி பாய்ச்சுறாள்! நாப்பது வரியம் அந்த மனிசன்ரை மீன்சட்டியோடை மாரடிச்சவள் நான். எனக்கு ஒரு வரி இல்லை. ஆரோ ஒருத்தி வந்து என்ரை மனிசனுக்கு ஒப்பாரி வைக்கிறாள்!"

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிறன், பெரியம்மா."

"வாங்கு. ஒண்டும் மிஞ்சக்கூடாது."

ஒரு உரப்பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். ஒருவரும் தரவில்லை. "இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை, தம்பி," என்றார் ஒருவர். சந்தையில் மீன் விற்கும் குகதாசன், "மிச்சம் கிடந்தால் ஒண்டு தா, தங்கச்சி வீட்டிலை கேட்டவை," என்றான். படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் அனுப்பிவிட்டார்கள். மீன் சந்தை இரண்டு நாளில் முழுக் கதையையும் கட்டி முடித்தது. வியாழக்கிழமைகளில் முத்துக்குமாரு மோட்டார் சைக்கிளில் கருவாடு கட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போவது ஊருக்குத் தெரியும். சுன்னாகத்துக்கு நீர்வேலிக்குள்ளாலும் போகலாம். அதோடு இன்னொன்றும் இருந்தது.

"வெறும் கருவாடு விக்கிறதுக்கு ஆரடாப்பா வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு போறது?" என்றான் குகதாசன். "பவுடரும் பூசுறவர். நானே கண்டனான்."

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கமலாவதிக்கு ஒரு மகள் இருப்பதாகவும், அவள் ரீச்சர் என்றும் பின்னேரம் தெரியவந்தது.

வெறும் உரப்பையோடு திரும்பி வந்தவனைப் பெரியம்மா வாசலிலேயே மறித்தார். இந்த முறை கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று பிரவீணனுக்குத் தோன்றியது.

"கேள். அந்த மனிசனைப் பற்றி இந்த உலகத்திலை ஒரே ஒரு புத்தகம்தான் வரும். இனி ஒண்டு ஒருத்தரும் எழுதப்போறதில்லை. அந்த ஒண்டிலை அவர் வாழைத்தோட்டக்காரன். அந்த ஒண்டிலை அவருக்கு இன்னொரு பெண்சாதி. ஞாயிற்றுக்கிழமை நிருஷன் கனடாவுக்குத் திரும்புறான். தகப்பன்ரை சரியான புத்தகம் அவன்ரை கையிலை போகோணும்."

"தனுஷாவிட்டைச் சொல்லி வடிவாய் எழுதுவிப்பம், பெரியம்மா."

"அந்தப் பிள்ளையோ அவரைக் கெடுத்தது? நீ கெடுத்தனி. நீ எழுது. எழுதாட்டி இந்த வாசலை மிதிக்காதை."

மறுநாள் அச்சகத்தில் தனுஷா வவுனியாவிலிருந்து வந்து, மேசையில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய மூக்குநுனி சிவந்திருந்தது.

"களவெடுத்தது கூடப் பரவாயில்லை," என்றாள். "களவெடுத்ததை ஒருக்கா வாசிச்சிருக்கலாமே! கமலாவதி அக்கா தன்ரை மனிசன்ரை வாழைக் கதையைச் சொல்லேக்கை அழுதுகொண்டு சொன்னவ. நான் அவவின்ரை குசினியிலை இருந்து எழுதினனான். நீ அதை எடுத்துக் கடற்கரையிலை எறிஞ்சிருக்கிறாய்."

"சரி, பிழைதான். அதுக்கு இப்ப..."

"பொறு, நான் இன்னும் முடிக்கேல்லை. நீ சொன்னபடியே செய்துபோட்டாய். குடாநாட்டின்ரை முதல் நாவல் வந்திட்டுது. முழுக்கக் கற்பனை. சனம் கேட்டு வாங்கி வாசிக்குது. ஏற்புரை ரெடியோ?"

பிரவீணனுக்கும் கோபம் வந்தது. அவளில் வந்ததா, தன்னில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் கத்தினான்: "எனக்கு எழுத வருகுதில்லை, தனு! விடிய இருந்து இருக்கிறன். முதல் வசனம் வருகுதில்லை!"

"முதல் வசனத்தை ஆர் உன்னட்டைக் கேட்டது? நாலாவதிலையிருந்து எழுது! முதலாவது பேந்து வரும், வராட்டி நாலாவதே முதலாவது. நீ பெரியப்பாவைப் பற்றி எழுதேல்லை, உன்னைப் பற்றி எழுதுறாய், அதுதான் வருகுதில்லை. ஆக்களிட்டைப் போ. 'நல்லவரோ' எண்டு கேளாதை, எல்லாரும் ஓம் எண்டுவினம். நடந்த ஒண்டைச் சொல்லச் சொல்லு. விடிய எழும்பி, அந்தப் போனைக் கிணத்துக்கட்டிலை வைச்சுப்போட்டு எழுது. கூடாமல் எழுது. கேவலமாய் எழுது. ஆனால் முடி. முடிச்ச கேவலத்தைத் திருத்தலாம். முடிக்காத அற்புதத்தை என்னடா செய்யிறது? பேந்து சத்தமாய் வாசி. மூச்சு முட்டுற இடத்திலை வசனத்தை உடை. வெக்கமாயிருக்கிற இடத்திலை வெட்டு."

"உதெல்லாம் பள்ளிக்கூடப் புத்திமதி."

"ஓம். பள்ளிக்கூடப் புத்திமதிதான். உன்ரை பக்கத்துக்கு எத்தினை பிள்ளையள் எழுத ஆசைப்பட்டு வருகுதுகள்? நீ அதுகளுக்குச் சொல்லுறது, 'காயப்படுங்கள்.' பாவங்களடா! எழுத வாற பிள்ளைக்கு ஒண்டே ஒண்டுதான் வேணும். 'எழுது, நான் வாசிக்கிறன்' எண்டு சொல்ல ஒரு ஆள். உனக்கும் அதுதான். எழுது. நான் வாசிக்கிறன். இப்ப வெளியிலை போ, உன்னைப் பாக்க எரியுது எனக்கு."

பள்ளிக்கூடப் புத்திமதியைக் கேட்டு நடக்கிற ஆள் தான் இல்லை என்பதை நிரூபிக்க வேறு வழி தேடினான். வியாழன் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை ஏரம்புவின் வீட்டுக்குப் போனான்.

ஏரம்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "வா, வாழைத்தோட்டம்," என்றார்.

"பெரியப்பாவைப் பற்றி ஒரு விசயம் சொல்லுங்கோ. நடந்தது."

"என்னத்தைச் சொல்ல? கோவக்காரன்." ஊசியை நிறுத்தாமல் சொன்னார். "ஒருநாள் இழுவைப் படகு வந்து எங்கடை வலையை அறுத்துக்கொண்டு போகுது. அது மலை மாதிரி. நாங்கள் இத்தினி. உவன் எழும்பி நிண்டு, கையிலை என்ன அகப்படுதோ எல்லாத்தாலும் எறியிறான். கடைசியாய்ச் சாப்பாட்டுப் பெட்டியையும் எறிஞ்சான். புட்டும் மீன்குழம்பும் பறந்து போகுது. பின்னேரம் வரைக்கும் பட்டினி. கரைக்கு வந்து மனிசியிட்டைச் சொல்லுறான், சாப்பாடு நல்லாயிருந்தது, பெட்டிதான் தவறி விழுந்திட்டுது எண்டு."

"சுன்னாகத்துக்கு ஏன் அயன் பண்ணின சேட்டோடை போனவர்?"

ஊசி நின்றது. "குகதாசன் சொன்னவனோ? விசரன். நானும்தானே பின்னுக்கு இருந்து போனனான். முதல் நாள் அங்கை வெங்காயம் விக்கிறவன் ஒருத்தன் எங்களைக் கண்டுட்டு மூக்கைப் பொத்தினான். 'மீன்காரர் வந்தால் சந்தையே மணக்குது' எண்டான். உவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்திட்டான். அடுத்த வியாழன் வெள்ளைச் சேட்டு, பவுடர். நேரே போய் அவன்ரை கடைக்கு முன்னாலை பாயை விரிச்சான். ஒவ்வொரு வியாழனும் அதே இடம். வெங்காயக்காரன் கடையை மாத்தினான். உவனும் பாயை மாத்தினான். சாகும் மட்டும் விடேல்லை."

அன்று போன வீடுகளில் எல்லாம் அவனுக்குக் கோபங்களே கிடைத்தன. கோயில் திருவிழாவில் தங்கள் பகுதிக்குப் பூசை மறுத்தவர்களோடு பெரியப்பா கோபம். மகள் படிக்கத் தேவையில்லை என்ற பக்கத்து வீட்டுக்காரனோடு கோபம். அந்த மகளை ரியூசனுக்கு ஏற்றிப் போனதும் அவர்தான். குகதாசனிடமும் போனான். தராசில் குகதாசன் விரலை வைத்ததற்காகப் பெரியப்பா அவனோடு ஒரு வருடம் கதைக்கவில்லையாம். "உந்தக் கதையை எழுதிப்போடாதை, தம்பி," என்றான் குகதாசன். கமலாவதியின் மகளைப் பற்றி அதற்குமேல் அவன் எதுவும் பேசவில்லை.

சனிக்கிழமை விடிய, போனைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு எழுதினான். கேவலமாக வந்தது. ஏற்புரையைத் தவிர்த்தால், அவன் முடித்த முதல் எழுத்து அது. கொண்டுபோய்ப் பெரியம்மாவுக்கு வாசித்தான்.

"அன்பும் பண்பும் அமைதியான சுபாவமும் நிறைந்த அன்னார்..."

"ஆரடா உவர்?" என்றார் பெரியம்மா. "இன்னும் ஒருத்தரோ?"

திரும்பி வந்து சத்தமாக வாசித்தான். எழும்பி நடந்து வாசித்தான். கூசிய இடமெல்லாம் வெட்டினான். வெட்டியதில் பாதி அவன் மிகவும் விரும்பிய சொற்கள். மத்தியானம் திரும்பப் போனான். இப்போது அன்னார் இல்லை. வலை இருந்தது, பறந்த புட்டு இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி வந்த இடத்தில் பெரியம்மா, "பொய் சொல்லியிருக்குது மனிசன்," என்று பல்லைக் கடித்தார். வெங்காயக்கடை வந்தபோது கையை உயர்த்தினார். பிரவீணன் வாசிப்பதை நிறுத்தினான்.

"அந்தச் சேட்டை அயன் பண்ணினது நான்," என்றார். "கிழமைக்குக் கிழமை. ஏன் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை." கண்ணைத் துடைத்தார். பிறகு குரல் ஏறியது. "சொல்லியிருக்கலாம்தானே! நானும் ஒருக்கா வந்து, அந்த வெங்காயக்காரனை நாலு கேள்வி கேட்டிருப்பன்!"

"இதை வெட்டவோ, பெரியம்மா?"

"வெட்டினாய் எண்டால் உன்னை வெட்டுவன். மற்றது, 'அமைதியான' எண்டு ஒரு சொல் இன்னும் ஒரு மூலையிலை கிடக்குது. அதை எடு."

அன்று பின்னேரமே அச்சகத்துக்குக் கொண்டுபோனான். தனுஷா முழுக்க வாசித்தாள். மூன்றாம் பக்கம் அலுக்கிறது என்றாள். அவன் சண்டை பிடிக்காமல் அதைக் குறைத்தான். "எழுதினது ஆர் எண்டு பேர் போடவோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றான். ஞாயிறு நிருஷன் அச்சடித்த புத்தகக் கட்டோடு விமானம் ஏறினான். புதிய புத்தகம் பழையதைப்போல ஓடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்; இரண்டாம் பெண்சாதி இல்லாத கதையைச் சந்தை அவ்வளவாகக் கேட்டு வாங்கவில்லை. ஆனால் ஏரம்பு அதைச் சந்தையில் நின்று உரத்து வாசித்தார். குகதாசன் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்.

நீர்வேலிக்கும் ஒரு தரம் போனான். கமலாவதி வாசலில் வைத்தே பேசவேண்டியதெல்லாம் பேசினார். நின்று கேட்டுவிட்டு வந்தான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பிரவீணனை இருக்கச் சொல்லிவிட்டுத் தனுஷா சாப்பிடப் போயிருந்த நேரம், தும்பளையிலிருந்து ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். மழிக்காத முகம். கையில் கடதாசி உறைக்குள் ஒரு படம். தகப்பன் இறந்து இரண்டு கிழமை என்றார். கல்வெட்டு அடிக்கவேண்டும், எழுதுகிற பிள்ளை இருக்கிறாவோ என்று கேட்டார்.

பிரவீணன் வீதியை எட்டிப் பார்த்தான். தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அண்ணை," என்றான். "அப்பாவுக்கு ஆரோடை கோவம்?"

வந்தவர் திகைத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார், அவருடைய முகம் மெல்ல மாறியது.

"அது பெரிய கதை, தம்பி."

"ஓம். சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டு, பிரவீணன் மேசைமேல் கிடந்த பேனையை எடுத்தான்.